கத்தாமல் ஒரு ரேஸ்

மார்ச் 4, செவ்வாய்

டி.வி.யில் ஆடும் கார் ரேஸ் கேமில் மறுபடியும் கடைசி இடம். பாலத்துக்கு முன்னால் வரும் வளைவில் பிரேக் போட்டேன். பின்னால் வந்த மஞ்சள் கார் ஒரே இடி, நான் ஆற்றில். வளைவில் பிரேக் போடாமல் வேறு எங்கே போடுவார்களாம்? நான் போட்ட சத்தத்தில் மேல்வீட்டு அம்மா இறங்கி வந்து, "யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று கேட்டுவிட்டுப் போனார். மானமே போயிற்று.

மார்ச் 5

இன்று என்னிடம் கார் ஓட்டப் பழகும் பாங்க் அம்மா நடுரோட்டில் திரும்பத் திரும்ப வண்டியை ஆஃப் செய்தார். "பரவாயில்லம்மா, ரோடு எங்கயும் ஓடிடாது. கிளட்ச்சை மெதுவா விடுங்க" என்றேன். இறங்கும்போது, "உங்க பொறுமை யாருக்கு வரும் சார்!" என்றார். உண்மைதான், படிக்க வந்த யாரையும் நான் அதட்டியதே கிடையாது.

சாயங்காலம் கேமில் மஞ்சள் காரைப் பார்த்துச் சொன்னதையெல்லாம் இங்கே எழுத முடியாது.

மார்ச் 8, சனி

தலையில் கல்லைப் போட்டுவிட்டாள் மகள். பதினெட்டு முடிந்துவிட்டதே, நாளையிலிருந்து வண்டி ஓட்டக் கற்றுத் தருகிறேன் என்று ஆசையாகச் சொன்னேன். அவள் மீசைக்காரரிடம் சேரப்போகிறாளாம்! என் டிரைவிங் ஸ்கூலுக்கு எதிரிலேயே ஸ்கூல் வைத்திருக்கிறாரே, அதே மீசைக்காரர்!

"ஏம்மா, ஊருக்கே நான்தானே சொல்லித் தர்றேன்?"

"ஊருக்குச் சொல்லித் தர்ற அப்பாவை நான் பார்த்ததே இல்ல. கேம் ஆடுற அப்பாவைத்தான் தெரியும். அந்த அப்பா பக்கத்துல உட்கார்ந்தா எனக்கு ஸ்டியரிங்கே பிடிக்க வராது."

மீசைக்காரர் வண்டியில் என் பொண்ணு போறதை நான் வாசல்ல நின்னு பார்க்கணுமா? கெஞ்சினேன். "அடுத்த சனிக்கிழமை சேரப்போறேன். அதுக்குள்ள ஒரே ஒரு ரேஸ் கத்தாம ஆடிக் காட்டுங்க" என்றாள்.

ஒன்றுதானே!

மார்ச் 9

கத்தினேன்.

மார்ச் 10

துண்டைக் கடித்துக்கொண்டு ஆடினேன். மஞ்சள் கார் இடித்தது. துண்டு கிழிந்தது. "ஏங்க, கத்தியே தொலைங்க. இப்படி உர்ருனு இருந்தா பயமா இருக்கு" என்றாள் மனைவி.

கத்தித் தொலைத்தேன்.

மார்ச் 12

நிஜ வண்டியை யாராவது இடித்தால்கூட இறங்கி நிதானமாகப் பேசுகிறவன், ஒரு பொம்மைக் கார்கிட்ட ஏன் இப்படி மல்லுக்கு நிக்கிறேன்? பக்கத்து சீட்டில் இருந்தால் பரம சாது. ஸ்டியரிங் என் கைக்கு வந்தால்தான் பேய் பிடிக்கிறது.

அட — அப்படியானால்?

மார்ச் 14, வெள்ளி

சோபாவில் ஓரமாக நகர்ந்து உட்கார்ந்தேன். பக்கத்து இடம் டிரைவர் சீட். கன்ட்ரோலர் என் கையில்தான். ஆனால் ஓட்டுகிறவர் நேற்றுச் சேர்ந்த புது ஆள் என்று வைத்துக்கொண்டேன். மஞ்சள் கார் இடித்தது. காலி இடத்தைப் பார்த்து, "பரவாயில்ல சார், பதறாதீங்க. ஆத்துலேர்ந்து மெதுவா ரிவர்ஸ் எடுங்க" என்றேன்.

கடைசி இடம்தான். ஆனால் வீட்டில் ஒரு சத்தம் இல்லை. மனைவி கரண்டியோடு வந்து, "உங்கப்பா யாருகிட்டடி பேசுறாரு?" என்று மகளிடம் கேட்டாள். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்ததும், "சரி, நாளைக்கு நீங்களே சொல்லித் தாங்க" என்றாள்.

காலி இடத்துக்கு ஒரு கும்பிடு போட்டேன்.

மார்ச் 15, சனி

முதல் நாள். சிக்னலில் பச்சை விழுந்ததும் வண்டியை ஆஃப் செய்துவிட்டாள். பின்னால் ஒரே ஹாரன். நான் அசையவில்லை. "பரவாயில்லம்மா, நியூட்ரலுக்கு வா" என்றேன்.

அவள் கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டி, பின்னால் நின்றவரைப் பார்த்து ஒரு கத்து கத்தினாள். அடேயப்பா! அத்தனை ஹாரனும் கப்சிப்.

வண்டிதான் இனிமேல் கற்றுத் தரணும். மற்றதெல்லாம் ஏற்கெனவே என்னிடம் படித்து முடித்திருக்கிறாள்.