குலசை வரை போகாத கார்

அன்புள்ள மகள் பானுப்ரியாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உடம்பளவில் சுகம், அந்தக் குளிர் தேசத்தில் நீயும் சுகமாக இருக்க முத்தாரம்மன் துணை நிற்கட்டும். போனில் சொன்னால் உன் அம்மா பக்கத்தில் நின்று என் வாயை அடைத்துவிடுவாள், அதனால்தான் ஒர்க்‌ஷாப்பில் உட்கார்ந்து காகிதத்தில் எழுதுகிறேன். உனக்குப் பேசியிருக்கிற மாப்பிள்ளை பாலகணேஷ் தன் காரோடு எடுத்து அனுப்பிய போட்டோவைப் பார்த்துவிட்டு, வண்டி எப்படி, ஆள் எப்படி, ரெண்டையும் பார்த்துச் சொல்லுங்கப்பா, அதற்குப் பிறகுதான் சரி சொல்லுவேன் என்று கேட்டிருந்தாய். பார்த்தாயிற்று.

முதலில் வண்டி. முப்பத்தைந்து வருஷம் துறைமுக ரோட்டில் லாரி பழுது பார்த்தவன் சொல்லுகிறேன், இன்ஜினில் குறையே இல்லை. பழையகாயல் தாண்டியதும் மாப்பிள்ளை ஆக்சிலேட்டரை மிதித்தான், என் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது, நூற்றைம்பதிலும் ஸ்டியரிங் நடுங்கவில்லை, பிரேக் பிடித்த இடத்தில் நிற்கிறது. பட்டனை அமுக்கினால் கூரை மடிந்து டிக்கிக்குள் போய்விடும், அதோடு டிக்கி நிறைந்தது, ஸ்டெப்னி கிடையாது, ஜாக்கி கிடையாது, ஒரு வீல் ஸ்பேனர்கூடக் கிடையாது. வெள்ளைத் தோல் சீட்டு உட்காரச் சுகம்தான், ஆனால் தரைக்கு அவ்வளவு பக்கம், என் வயசுக்காரன் எழுந்திருக்க இரண்டு கையும் ஊன்ற வேண்டும். வேகத்தடைக்கெல்லாம் அடி உரசியது. ஒன்றே கால் கோடி கொடுத்து இந்த உப்புக்காற்றில் தலை காய்ந்துகொண்டு போவானேன் என்று எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

உன் கல்யாணம் நல்லபடி முடிய வேண்டும் என்று இந்தத் தசராவுக்கு மாலை போட்டு விரதம் இருந்தேன், உனக்குத் தெரியும். குலசை முத்தாரம்மன் கோயிலில் காப்புக் கட்டிக்கொள்ளத்தான், நானே கொண்டு விடுகிறேன் மாமா என்று பாலகணேஷ் கூட்டிப்போனான். சாகுபுரம் வருமுன் ரோட்டில் வேஷம் கட்டிக் காணிக்கை கேட்கும் ஒரு தசரா செட்டு மேளத்தோடு வந்தது. காளி வேஷம் போட்டவன் பெயர் மந்திரமூர்த்தி, உப்பளத்தில் வேலை. தட்டை நீட்டினான், குங்குமம் கொஞ்சம் சீட்டில் சிந்திவிட்டது. அவ்வளவுதான் நடந்தது. பாலகணேஷ் இறங்கினான், காளியின் முடியைப் பிடித்து இழுத்தான், கிரீடம் ரோட்டில் உருண்டது, கட்டியிருந்த மரக்கைகளை ஒவ்வொன்றாக முறித்தான், அந்த மரக்கையாலேயே வாயில் அடித்தான், கீழே விழுந்தவனை மிதித்தான். முகத்தில் பூசிய சாயம் எது, ரத்தம் எது என்று தெரியவில்லை, இரண்டு பல் தாரில் கிடந்தது. மந்திரமூர்த்தி கையில் நிஜ இரும்பு வாள் இருந்தது, ஒரே வீச்சில் முடித்திருக்கலாம், ஓங்கவே இல்லை. வேண்டாந் தம்பி, மாலையில கெடக்கேன், வேண்டாந் தம்பி என்று சொல்லிக்கொண்டே அடி வாங்கினான். நான் பதற்றத்தில் பெல்ட்டை அவிழ்க்க வராமல், அந்தச் சீட்டிலிருந்து எழ முடியாமல் கிடந்தேன். கூரையில்லாத வண்டி, அவன் பக்கத்தில் நான் உட்கார்ந்திருப்பதை ஊரே பார்த்தது.

அடித்து முடித்துவிட்டுக் கர்ச்சீப்பில் கையைத் துடைத்துக்கொண்டு சிரித்தபடி வந்தான். பயந்துட்டியளா மாமா, பானு புத்தியுள்ள பிள்ளைலா, அது என்னைய இந்த அளவுக்கெல்லாம் கொண்டுபோய் விடாது என்றான். அதற்குள் நான் இறங்கியிருந்தேன். டிக்கியில் ஸ்பேனர் இல்லாமல் போனது அவன் நல்லகாலம். வெறும் கையால்தான் அடித்தேன், மூக்கு நொறுங்குகிற சத்தம் கேட்டது, சீட்டில் சாய்ந்து விழுந்த பிறகும் அடித்தேன், அந்த வெள்ளைச் சீட்டெல்லாம் அவன் ரத்தம். செட்டு ஆட்கள் வண்டியைக் கொளுத்தப் போனார்கள். தரையில் கிடந்த மந்திரமூர்த்திதான் உடைந்த வாயோடு தடுத்தான், ஒருத்தரும் கை வைக்கப்பிடாதுலே, விரதம்லா என்றான். அத்தனை பேரில் விரதத்தை முறித்தவன் நான் ஒருவன்தான். மந்திரமூர்த்தியை ஆட்டோவில் ஏற்றித் திருச்செந்தூர் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, மாலையைக் கழற்றிக் கடலில் போட்டேன்.

இப்போது பாலகணேஷின் அப்பா ஆள் விட்டிருக்கிறார். நான் வீட்டுக்கு வந்து மன்னிப்புக் கேட்டால் போதுமாம், பெரியவர்கள் பார்த்து வைத்த நாளிலேயே கல்யாணமாம். நான் போகமாட்டேன். உன் அம்மா மூன்று நாளாக அழுகிறாள். ஆம்பிளைன்னா கோவம் வரத்தான் செய்யும், நான் வாழலியா என்று கேட்கிறாள். அப்படிக் கேட்க அவளைப் பழக்கிவிட்டவன் நான்தான் பானு. அவளுடைய இடது மணிக்கட்டு கோணலாக இருப்பது குளியலறையில் விழுந்ததால் என்று உனக்குச் சொல்லி வளர்த்தோம். விழவில்லை, நான் முறுக்கியது. உனக்கு அப்போது நாலு வயது. அன்றைக்கு நானும் கையைத் துடைத்துக்கொண்டு இப்படித்தான் சிரித்துப் பேசினேன், அதனால்தான் அவன் சிரிப்பு எனக்கு அடையாளம் தெரிந்தது. அவனை அடிக்கும்போது எனக்கு ஆசையாக இருந்தது என்பதையும் மறைக்கமாட்டேன்.

அவன் உனக்குப் போன் பண்ணுவான், இனிக்க இனிக்கப் பேசுவான். முடிவு உன்னுடையது. எதைச் சொன்னாலும் அப்பாவின் ஆசீர்வாதம் உனக்கு உண்டு, அம்மன் உன் கூடவே இருப்பாள். வெளியே போகும்போது காதை மூடிக்கொண்டு போ. இதைப் படித்ததும் எனக்குப் பேச வேண்டாம், அம்மாவுக்குப் பேசு. ஐப்பசி மழை தொடங்கிவிட்டது, மணிக்கட்டு வலிக்கிறதா என்று கேள். இத்தனை வருஷத்தில் நான் ஒருநாளும் கேட்டதில்லை.

இப்படிக்கு,
உன் அப்பா
பாண்டித்துரை