வரிக் கடைசியில் ஒரு கோடு

மார்ச் 4
அச்சக முதலாளிக்கு வரி ஓரம் நேராக நிற்க வேண்டும். நான் பக்கம் அமைத்த அரபு நூலின் முதல் பக்கத்தைத் தூக்கிக் காட்டி, "பல்லு விழுந்த வாய் மாதிரி இருக்கு. சொல்லை உடைச்சு, கடைசியில ஒரு கோடு போடும்மா. மென்பொருள்ல அந்த வசதி இருக்காம்" என்றார். போட்டேன். சம்பளம் தருபவர் சொன்னால் கோடு என்ன, கோட்டையே போடலாம். மே மாதம் வேலையை நிரந்தரமாக்குவதாக வாக்குக் கொடுத்திருக்கிறாரே!

மார்ச் 6
மெய்ப்புப் பார்க்கும் அக்கா தலையில் அடித்துக்கொண்டார். "அரபுல சொல்லை உடைக்கக் கூடாதுடி. இடம் மிச்சமிருந்தா, சேர்ந்து நிக்கிற எழுத்தை நீளமா இழுத்து விடு." இழுத்தேன். வரி நேராயிற்று. தன் யோசனை பலித்ததாக முதலாளி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

மார்ச் 19
அடுத்தது சீனாவின் மேற்கே பேசும் உய்குர் மொழியில் ஒரு நூல். பார்க்க அதே அரபு எழுத்து. ஆசிரியர் தந்த கோப்பில் வரிக்கு வரி சொல்லை உடைத்துக் கோடு! பாவம், விவரம் தெரியாத மனிதர். மென்பொருளில் மொழி 'அரபு' என்று வைத்து, 312 பக்கத்திலும் கோடுகளை அழித்து எழுத்துகளை இழுத்துவிட்டேன். அக்காவிடம் கேட்கவில்லை. எனக்குத் தெரியாதா என்ன?

ஏப்ரல் 2
நூலாசிரியர் வந்தார். "எங்க மொழியில அசை பார்த்து உடைக்கிறதுதான் வழக்கம். யாருங்க இதை இப்படி இழுத்தது?"
எழுத்து ஒன்றானால் மொழியும் ஒன்றா? இந்தத் தப்பை முதலாளி செய்திருந்தால் வீட்டில் நடித்துக் காட்டிச் சிரித்திருப்பேன்.
முதலாளி யோசிக்கவே இல்லை. "மெய்ப்புப் பார்க்கிறவங்க வேலை சார் இது. அவங்களை நிறுத்திடுறேன்."
அக்கா இன்று விடுப்பு. இந்த நூலை அவர் தொட்டதுகூட இல்லை. நான் — வாயைத் திறக்கவில்லை.

ஏப்ரல் 3
முதலாளி அறை வாசல் வரை போய், தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினேன்.

ஏப்ரல் 5
அக்கா மேசையைக் காலி செய்துகொண்டிருந்தார். "விடு, நீயாவது நிரந்தரமாயிடு" என்றார். அய்யோ, அதற்குப் பதில் என் கன்னத்தில் இரண்டு அறை விட்டிருக்கலாம்! நேரே முதலாளி அறைக்குப் போனேன். "கோட்டை அழிச்சது நான்தான் சார். அக்காவுக்கு ஒண்ணும் தெரியாது."
"அப்ப அவங்க இருக்கட்டும். உனக்கு மே மாசப் பேச்சே வேண்டாம்" என்றார். வெளியே வந்து அக்காவிடமும் சொன்னேன். அவர் பையிலிருந்ததை எடுத்து மறுபடி மேசையில் வைத்தார்.

ஏப்ரல் 20
312 பக்கமும் முதலிலிருந்து. மொழி: உய்குர். உடைக்கும் இடத்தில் மென்பொருள், அடுத்த எழுத்தோடு சேரும் வாலையும் வெட்டிவிடுகிறது. "உடைஞ்சாலும் அடுத்த எழுத்துக்குக் கை நீட்டிக்கிட்டுதான் நிக்கணும்" என்கிறார் ஆசிரியர். ஒவ்வொன்றாகச் சரிபார்க்கிறேன். சாயங்காலம் அக்கா எழுந்து வந்து பின்னால் நின்றார். இரண்டு வாரமாக என்னிடம் பேச்சில்லை. திரையில் விரல் வைத்து, "இங்க ஒண்ணு விட்டுட்டடி" என்றார்.