தும்மல் வீரனின் குரல்

அக்கா,

டிவிடி பெட்டி வந்துவிட்டது. அம்மா கண்ணில் மட்டும் காட்டாதே. காலையில் முதல் வட்டைப் போட்டுப் பார்த்தேன். தும்மினால் பறப்பானே நம் தும்மல் வீரன், அப்பா டப்பிங் பேசிய அதே தொடர்தான். ஆனால் குரல் அப்பாவுடையது இல்லை. எவனோ புதிதாக டப்பிங் பேசியிருக்கிறான். நன்றாகவே பேசுகிறான், பாவி.

அப்பா போன பிறகு அவர் குரல் என்று மிச்சமிருந்த ஒரே கேசட்டில் நான் கால்பந்து ஆட்டத்தைப் பதிவு செய்துவிட்டேன். நேற்றும் நீ அதைச் சொல்லிக்காட்டினாய். இதை வரவழைத்தால் ஈடாகிவிடும் என்று நினைத்தேன்.

பிளேயர் ஒயரைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். அம்மா கேட்டால் ரிப்பேர் என்று சொல். உன் சாப்பாடு அடுப்பு மேல் மூடியிருக்கிறது.

தம்பி

பி.கு.: செருப்பு மாட்டும்போது அம்மா கூப்பிட்டாள்.

"டேய், ஒயரை வச்சிட்டுப் போ. நேத்து பார்சலை வாங்கினதே நான்தான். அப்பவே பிரிச்சுப் போட்டுப் பார்த்துட்டு, மறுபடி ஒட்டி வாசல்லயே வச்சுட்டேன்."

"அம்மா, அந்தக் குரல்..."

"தெரியும்டா. உங்கப்பாவுக்கு வீட்டுல வசனம் படிச்சுக் காட்டினதே நான்தானே? சத்தத்தை மொத்தமா நிறுத்திட்டு, அவர் பேசினதையெல்லாம் நானே பேசிட்டேன். 'உலகமே, ஒதுங்கி நில்! எனக்குத் தும்மல் வருது!' அந்த ஒரு வரி வந்ததும் டிவியை அணைச்சிட்டேன்."

ஒயரை மாட்டிவிட்டேன். இன்று சீக்கிரம் வருகிறேன், அக்கா. அந்த ஒரு வரியை நாம் ரெண்டு பேரும் சொல்லிவிடலாம்.