நாற்பத்தெட்டு சேனலும் ஒரு ரீங்காரமும்

என் செல்ல வாலுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் அங்கே அப்படியே இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேதான் பேனாவை எடுத்தேன். மூன்று வாரமாகக் கடிதம் இல்லை என்று உனக்குக் கோபமாம், தம்பி சொன்னான். கோபம் நியாயம்தான், ஆனால் காரணத்தைக் கேட்டால் சிரிப்பாய்.

பாட்டுப் பதிவு செய்யும் ஸ்டுடியோ ஒன்றுக்காக எங்கள் பட்டறையில் ஒரு வருஷமாக மிக்ஸிங் கன்சோல் செய்துகொண்டிருந்தோமே, அது முடிந்துவிட்டது. நாற்பத்தெட்டு சேனல், அதாவது நாற்பத்தெட்டு மைக்கிலிருந்து வரும் சத்தத்தைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைத்து ஒன்றாகக் கலக்கும் மேசை, நம் வீட்டுக் கூடத்தில் போட்டால் நாம் வாசலில்தான் படுக்க வேண்டும். உள்ளே ஓடும் வயர் முழுக்க நான் பற்றவைத்தது. இரும்புச் சட்டத்துக்கு மேலே மரப்பலகை எல்லாம் உன் அப்பா இழைத்தது. வேலையிலிருந்து நின்ற தச்சரை வீட்டில் சும்மா உட்கார வைத்தால் என் சமையலில் நொட்டை சொல்லிக்கொண்டிருக்கிறார் என்று நான்தான் முதலாளியிடம் சொல்லி அவரை உள்ளே இழுத்துவிட்டேன். ஸ்டுடியோ இரண்டாவது மாடியில், படிக்கட்டு நடுவில் ஒரு வளைவு. மேசையை மூன்று துண்டாகக் கழற்றியும் அந்த வளைவில் திரும்பாது என்று தூக்க வந்தவர்கள் கையை விரித்துவிட்டார்கள். உன் அப்பாவோ முந்தின வாரமே அட்டையில் அதே அளவுக்குப் பெட்டி செய்து எடுத்துப் போய் அங்கே திருப்பிப் பார்த்து வைத்திருந்தார், தலைப்பக்கத்தை முதலில் சாய்க்கச் சொன்னார், ஒரு விரற்கடை இடைவெளியில் வழுக்கிக்கொண்டு போய்விட்டது. அன்று முழுக்கக் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டு திரிந்தார், கேட்காதே.

மூன்று துண்டையும் சேர்த்து, வயர்களை இணைத்து, பின்பக்கப் பலகையை மூடி, கரண்ட் கொடுத்தோம். விளக்குகள் வரிசையாக எரிந்தபோது எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனால் ஸ்பீக்கரைத் திறந்ததும் வண்டு சுற்றுவதுபோல ஒரு ரீங்காரம். பாடாத நேரத்திலும் அது பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தது. திங்கட்கிழமை நாற்பது பேர் சேர்ந்து பாட வருகிறார்கள், அன்று வெள்ளிக்கிழமை. ஸ்டுடியோக்காரர் கத்தவெல்லாம் இல்லை, ஞாயிறு சாயங்காலத்துக்குள் சத்தம் போகாவிட்டால் பழைய மேசையையே திரும்பப் போட்டுக்கொள்கிறேன் என்றார், அவ்வளவுதான். முதலாளி என்னைத் தனியாக அழைத்து, வேறு யாரையாவது வைத்து ஒருமுறை என் வேலையைச் சரிபார்க்கலாமா என்று மெதுவாகக் கேட்டார். போன வருஷம் எனக்குக் கண் ஆபரேஷன் ஆனதைத்தான் மனதில் வைத்துக் கேட்கிறார் என்று புரிந்தது. நாளைக்கு ஒரு நாள் எனக்கே கொடுங்கள் என்றேன். சொல்லிவிட்டேனே தவிர உள்ளுக்குள் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது, வாலு. முப்பது வருஷம் பற்றவைத்த கை, என்னை அறியாமல் எங்கே பிசகியதோ என்று சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை காலையிலேயே போய்ப் பலகையைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு இணைப்பாக லென்ஸ் வைத்துப் பார்த்தேன். கரண்ட் கொடுத்தால் ரீங்காரம் இல்லை. அப்பாடா என்று பலகையை மூடினால் மறுபடி வண்டு வந்துவிடும். சந்தேகம் வந்த நாலைந்து இணைப்பைப் புதிதாகப் பற்றவைத்தேன், திறந்தால் அமைதி, மூடினால் சத்தம். மூன்றாவது தடவை அப்பா பலகையை மூட ஸ்க்ரூவை எடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார். ஒரு ஸ்க்ரூவை மட்டும் விரலில் உருட்டி உருட்டிப் பார்த்தார். முதலாளி இருக்கிறார், ஸ்டுடியோக்காரர் இருக்கிறார், ஒலிப்பதிவு செய்கிற பெண்ணும் இருக்கிறாள். அவர் மேல் யாருக்கும் சந்தேகமே இல்லை, பேசாமல் சின்ன ஸ்க்ரூவாக மாற்றிப் போட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அவரோ அதை எல்லோருக்கும் தெரியத் தூக்கிப் பிடித்து, "இவ வேலையில தப்பு இல்லைங்க. அளவு ஸ்க்ரூ ஒண்ணு குறைஞ்சுது, நான்தான் நீளமா இருந்ததைப் போட்டேன். அது வயரைக் குத்தியிருக்கு" என்றார்.

உள்ளே பார்த்தால் அதே இடத்தில் ஒரு வயரின் மேல்தோலில் ஊசி குத்தினாற்போல் ஓட்டை. ஸ்க்ரூ அதன் வழியாகப் போய் இரும்புச் சட்டத்தைத் தொட்டிருக்கிறது. அந்த வயரை மாற்றி, சின்ன ஸ்க்ரூ போட்டு மூடினோம். ஸ்பீக்கரை முழுசாகத் திறந்தும் அறை கோயில் குளம் மாதிரி அமைதியாக இருந்தது. முதலாளி என்னிடம் மன்னிப்புக் கேட்டார், நான் பெருந்தன்மையாகத் தலையை ஆட்டினேன். உன் அப்பாவிடம் பஸ் ஏறும் வரை பேசக்கூடாது என்று வைராக்கியமாக இருந்தேன், ஆனால் அத்தனை பேர் முன்னால் வாயைத் திறந்து சொன்னாரே, அதை நினைத்தால் கோபம் நிலைக்கவில்லை.

மைக்கைச் சோதிக்க வேண்டும், ஏதாவது பேசுங்கள் என்று அந்தப் பெண் என்னைப் பாடும் அறைக்குள் அனுப்பினாள். தரையில் யாரோ பையைப் போட்டிருந்தார்கள், அதை ஓரமாக வைக்கக்கூடாதா, தடுக்கி விழுந்தால் யார் பார்ப்பது என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். வெளியே வந்ததும் அதைப் பெரிய ஸ்பீக்கரில் போட்டுக் காட்டினாள். என் குரலை அப்படி நான் கேட்டதே இல்லை, எனக்கே தூக்கிவாரிப் போட்டது. கை கழுவப் போயிருந்த அப்பா ஈரக் கையோடு ஓடி வந்து, கதவைப் பிடித்துக்கொண்டு அறை முழுக்கத் தேடினார்.

"நம்ம வாலு எப்ப வந்தா?" என்றார்.

நீங்கள் மூவரும் நோய் நொடி இல்லாமல், மனதில் குறை இல்லாமல் நீண்ட நாள் வாழ அம்மா அப்பாவின் ஆசிகள். கடைவாய்ப் பல் வலியை இன்னும் தள்ளிப் போடாதே, டாக்டரைப் பார்த்துவிட்டு எழுது.

எப்போதும் உன் நினைவாக,
அம்மா