விளக்கு எரிந்தால் பீர் தயார்

நாள் 212, காலை 7.10

செவ்வாய் வட துருவம், பனி ஆய்வு நிலையம். பதிவு: சந்தனமாரி, கருவிப் பராமரிப்பு. காற்று, மின்சாரம், தண்ணீர் சீராக உள்ளன. பனி துளைக்கப் போன மூவரும் வண்டியில் திரும்பிக்கொண்டிருக்கிறார்கள். நாளை மறுநாள் வந்துவிடுவார்கள்.

குளிரறையில் பீர் மூன்று வகை இருக்கிறது. கோதுமை, தலைவர் இன்னாசிக்கு. கேழ்வரகில் செய்த கறுப்பு, கோமதிக்கும் எனக்கும். செய்யது மது தொடுவதில்லை, அவனுக்கு இஞ்சி. இஞ்சிச் சாறு நுரைக்கத் தொடங்கியதுமே குளிரில் வைத்து ஈஸ்ட்டை உறங்க வைத்துவிடுவோம். ஈஸ்ட் தின்னாத சர்க்கரை அப்படியே நிற்கும், போதை ஏறாது.

குப்பிகள் அசையாமல் நிற்க வேண்டும். வண்டல் அடியில் படிந்து பீர் தெளிந்ததும் வாசலுக்கு மேலிருக்கும் சோடியம் விளக்கைப் போடுவது இங்கே வழக்கம். வருகிறவர்கள் வழியிலிருக்கும் மேட்டின் உச்சியிலிருந்தே பார்ப்பார்கள். விளக்கு எரிந்தால் பீர் தயார். எரியாவிட்டால் இன்னும் தெளியவில்லை. எல்லோரும் வந்து சேரும் முன் ஒரு மூடியும் திறப்பதில்லை.

இன்று விளக்கைப் போட்டேன். ரேடியோவில் இன்னாசி: "மாரி, குப்பிய ஆட்டி வச்சிராதட்டி. போன தடவ செய்யது ஊத்தி, மொத்த வண்டலும் என் வாயிலதான் போச்சு."

செய்யது: "குடிக்காதவன ஊத்தச் சொன்னா அப்படித்தான் அண்ணாச்சி வரும்."

நாள் 212, மாலை 6.45

குளிரறையை உறையாமல் காக்கும் ஹீட்டர் நின்றுவிட்டது. மாற்றுக் கம்பிச்சுருள் இல்லை. வெளிக்குளிர் உள்ளே இறங்கினால் குப்பிகள் உறைந்து உடையும். எல்லாவற்றையும் நான் வசிக்கும் அறைக்கு மாற்றினேன். காலியாக இருந்த இடம் காற்றுச் சுத்திகரிப்பானுக்கும் ரேடியோவுக்கும் நடுவே மட்டும்தான். அங்கே நிறுத்தி, மேலே போர்வை போட்டேன்.

நாள் 213, பகல் 2.00

இஞ்சிக் குப்பிகளின் மூடிகள் உப்பியிருக்கின்றன. அறைச் சூட்டில் ஈஸ்ட் விழித்துவிட்டது, தின்ன நிறையச் சர்க்கரையும் இருக்கிறது. மூடியைத் திறந்து வாயுவை வெளியே விடலாம். அதைச் சொல்லத்தான் ரேடியோவை எடுத்தேன். அதற்குள் கோமதி: "மாரியக்கா, ஒரு மூடி திறந்தாலும் வாசல்லயே மோந்து கண்டுபிடிச்சிருவேன், பாத்துக்கோங்க." மூன்று பேரும் சிரித்தார்கள்.

திறக்கவில்லை. நாளை வந்துவிடுவார்கள். ஒரு நாள் தாங்கும்.

நாள் 214, காலை 5.30

தாங்கவில்லை. ஒரு இஞ்சிக் குப்பி வெடித்தது. பக்கத்தில் நின்றவை தொடர்ந்து வெடித்தன. கன்னத்தில் வெட்டு, ஆழமில்லை. சுத்திகரிப்பானின் விசிறி கண்ணாடித் துண்டால் நொறுங்கிவிட்டது. மூச்சுக் காற்றின் கெட்ட வாயுவை உறிஞ்சும் தட்டுகள் பீரில் ஊறிக் கூழாகிவிட்டன. ரேடியோவில் பேசும் பாகம் நனைந்து கருகிவிட்டது. அவர்கள் பேசுவது கேட்கிறது. நான் பேசுவது போகவில்லை.

நாள் 214, காலை 9.15

சரிசெய்ய முடிந்ததைச் செய்து பார்த்தேன். ஒன்றும் சரியாகவில்லை.

இதைக் கண்டெடுப்பவருக்கு நிலைமையைச் சொல்கிறேன். இங்கே மிச்சமிருக்கும் காற்று எனக்கு மட்டும் என்றால் நாளை வரை. நான்கு பேருக்கு இன்று இரவைத் தாண்டாது. மேட்டின் உச்சியில் இடப்பக்கம் ஒரு பாதை பிரிகிறது; அதன் முடிவில் அவசர முகாம். அங்கே தனிச் சுத்திகரிப்பான் உண்டு, மீட்புக் கப்பல் வரும்வரை மூன்று பேர் உயிரோடு இருக்கலாம். ஆனால் உச்சியிலிருந்து ஓரிடத்துக்குத்தான் வண்டியில் காற்று போதும். இங்கே இறங்கிவிட்டால் திரும்ப ஏற முடியாது.

வெளியே போய்க் கையைக் காட்ட எனக்கு உடுப்பில்லை. என்னுடையதை மாற்று உடுப்பாக அவர்களே கொண்டுபோயிருக்கிறார்கள்.

விளக்கை அணைத்துவிட்டேன். பழைய விளக்கு, அணைத்தால் மறுபடி பற்றிக்கொள்ள நேரமாகும். விட்டு விட்டு எரியவைத்துச் சேதி சொல்ல முடியாது. இருட்டு ஒன்றைத்தான் என்னால் அனுப்ப முடிகிறது. ஏதோ கோளாறு என்று அவர்கள் புரிந்துகொள்ள வேண்டும்.

நாள் 214, காலை 11.40

உச்சிக்கு வந்துவிட்டார்கள். கேட்டதை அப்படியே எழுதுகிறேன்.

கோமதி: "நிலையம் தெரியுது அண்ணாச்சி. விளக்கு எரியல."

இன்னாசி: "மாரி... ஏட்டி மாரி. காலையிலேர்ந்து சத்தத்தையே காணோம். என்னடே இது? முகாமுக்குத் திருப்பிருவோமா?"

திருப்புங்கள் என்று கத்தினேன். செத்த கருவியிடம் கத்தினேன்.

செய்யது: "முகாம்ல என்ன இருக்கு, பொடிக் கஞ்சிதான். விளக்கு எரியலன்னா பீரு தெளியலன்னு அர்த்தம், நேத்து எவனோ குப்பிய உருட்டியிருக்கான்."

கோமதி: "எவனோ இல்ல, அக்காதான். அதான் வெக்கப்பட்டுப் பேசாம இருக்காங்க."

செய்யது: "அப்படியே எதாவது ஆயிருந்தாலும் மாரியக்காவ ஒத்தைல விட்டுட்டா போவ முடியும்?"

எஞ்சின் இரைகிறது.

இன்னாசி: "சரி, கலங்கலாவே குடிப்போம். நேரா விடு."

நாள் 214, பகல் 12.20

இறங்கிக்கொண்டிருக்கிறார்கள். தலை வலிக்கிறது, எழுத்து கோணுகிறது.

இனி இருட்டால் பயனில்லை, அவர்களால் திரும்ப ஏற முடியாது. விளக்கைப் போட்டேன். மெல்ல மெல்லத்தான் மஞ்சளாகும்.

பகல் 12.35

கோமதி: "எரிஞ்சிருச்சு! தெளிஞ்சிருச்சு அண்ணாச்சி, பாருங்க!"

கைதட்டுகிறார்கள். இன்னாசி பாடுகிறார். சுருதி சேரவில்லை.

பகல் 1 மணி இருக்கும்

உடையாமல் மிஞ்சியது கோதுமை ஒன்று, கறுப்பு ஒன்று, இஞ்சி ஒன்று. திறந்தேன். அவற்றிலிருந்து வரும் வாயுவும் இந்த அறையில்தான் சேரும். இனி அதனால் என்ன.

கிளாசைச் சாய்த்துப் பிடித்தேன். ஓரமாக ஊற்றினேன். கடைசி இரண்டு விரல் வண்டலைக் குப்பியிலேயே நிறுத்திவிட்டேன். இஞ்சியில் போதை ஏறியிருக்கும். செய்யதுவிடம் அதை முதலில் சொல்ல வேண்டும். மற்றதை அப்புறம்.

மூன்று கிளாஸ். தெளிவாக இருக்கின்றன. நுரை இன்னும் நிற்கிறது

கதவைத் தட்டுகிறார்கள் திறக்கப் போகிறேன் யாரோ சிரிக்