சிப்பியின் தட்டு

ஐப்பசி, செவ்வாய்

எங்கள் குட்டி நாய் சிப்பிக்குக் கிட்னி பழுதாகிவிட்டதாம். “என்ன சாப்பாடு போடுதீங்க?” என்று மாட்டாஸ்பத்திரி டாக்டர் கேட்டார்.

“கருவாடுதான் சார். நல்லா அலசிட்டுதான் போடுதேன்” என்றேன்.

“அலசினா உப்பு போயிருமாம்மா? இனி உப்பில்லாம வேகவச்ச மீனும் சோறும்தான்.”

வீட்டுக்காரருக்கு ரத்தக்கொதிப்பு என்றதும், அவர் கை வைத்துவிடக் கூடாது என்று, இருந்த கருவாட்டையெல்லாம் நாள்தோறும் சிப்பிக்குப் போட்டுத் தீர்த்தவள் நான்.

இன்று இருவருக்கும் ஒரே சட்டியில் சமைத்தேன். சிப்பி மோந்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டது. உப்பில்லை என்று ஆறு மாதமாக என்னை முறைக்கிற மனிதர், தட்டோடு போய் அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

“ஏலே, நான் திங்கலியா? தின்னுல” என்று ஒரு பருக்கை விடாமல் தின்று காட்டினார்.

சிப்பியின் தட்டு இன்னும் அப்படியே இருக்கிறது. எடுத்துக் கழுவ மனம் வரவில்லை.