பூஜ்யத்துக்குத் திரும்பாத தராசு

உன்னைத் திருடன் என்றார்கள். நீ திருடவில்லை. அம்மன் தாலியிலிருந்து புள்ளி மூன்று எட்டு கிராம் தங்கத்தைச் சுரண்டி எடுத்துவிட்டாய் என்று போன ஆடியில், நம் தெருக் கோயில் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து முடிவு செய்தார்கள். அந்த முடிவுக்கு அவர்களைக் கொண்டுபோய் விட்டது என் வாயிலிருந்து வந்த ஒரே ஒரு வரி. இதை முதலில் எழுதினால்தான் மற்றதை எழுத எனக்குக் கை வரும்.

பழுதுபார்க்க வந்த, தறிமேல் பூட்டும் ஜக்கார்டு பெட்டியை ஒதுக்கிவிட்டு, மேஜைமேல் ஒரு தராசை வைத்திருக்கிறேன். கோயில் தராசு அல்ல. பெரிய காஞ்சிபுரத்தில் கோயிலுக்கு வாங்கிய கடையிலேயே நான் வாங்கிய அதே மாதிரி ஒன்று. சட்டைப்பையில் அடங்கும். மூடியைத் திறந்தால் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய எவர்சில்வர் தட்டு, நீல வெளிச்சத்தில் 0.00. பக்கத்தில் என் மனைவியின் குங்குமச் சிமிழ். காலையில் அதைத் திறந்ததிலிருந்து அறை முழுக்கப் பழைய மஞ்சள் வாசனை. நாளைக் காலை பத்து மணி நினைப்பு வரும்போதெல்லாம் நிமிர்ந்து சிமிழைப் பார்க்கிறேன்.

நம் அம்மனுக்கு நகை என்று இருப்பது அந்தத் தாலி ஒன்றுதான். ஆடிப்பெருக்குக்கு முந்தின வெள்ளிக்கிழமை பூசாரி கழற்றிக் கொடுப்பார். எடை போடும் நாள் வரை உன் வீட்டுப் பூஜை அலமாரியில் இருக்கும். பதினெட்டு வருஷம் அது உன் பொறுப்பு. எடை போட ஆசாரி தன் பழைய தராசோடு வருவார். அம்மன் கழுத்திலிருந்து இறங்கியபடியே, வருஷக்கணக்கில் பூசிய மஞ்சளும் குங்குமமும் எண்ணெயும் அப்பியிருக்க, அப்படியே தட்டில் வைப்பார். கழுவ மாட்டார்கள். மஞ்சள் போனால் மங்கலம் போகும் என்பது தெருவின் பழக்கம். "எட்டு கிராம் நாப்பது. சரியா இருக்குது" என்பார் ஆசாரி. நோட்டில் எழுதுவார்கள். முதன்முதலில் நிறுத்தபோதும் அப்படித்தான், அழுக்கோடுதான், எழுதினார்கள். அதை அன்று யாரும் யோசிக்கவில்லை. நானும்தான்.

ஆசாரி பிள்ளையோடு சென்னைக்குப் போய்விட்டதால் போன வருஷம் கோயில் கமிட்டித் தலைவர் புதுத் தராசு வாங்கினார். எடை போடுவதற்கு முந்தின நாள் நீ என் பட்டறைக்கு வந்து, தறியில் பழைய பாவின் இழையோடு புதுப் பாவின் இழையை முறுக்கி முறுக்கித் தேய்ந்துபோன அந்தக் கட்டைவிரலைக் காட்டிக்கொண்டு சொன்னாய்:

"புது மிஷினுபா. கண்ணாடி மாதிரி இருக்குது. அம்மாவ அழுக்கோட அதும்மேல வெக்கச் சொல்றியா?"

பூந்திக்கொட்டைத் தண்ணீரில் இரவெல்லாம் ஊறப்போட்டு, பின்பக்கக் குழிவில் இறுகியதை ஊசியால் நெம்பி எடுத்தாயாம். பளபளவென்று கொண்டுவந்து வைத்தாய். உனக்குக் கண்ணாடி போட்டும் எண் தெரியாது. நான் குனிந்து படித்தேன். "எட்டு, புள்ளி பூஜ்யம் ரெண்டு." என் குரலில் ஒரு பெருமைகூட இருந்திருக்கும். படித்த பிறகுதான் நோட்டைப் பார்த்தேன்.

தலைவர் மூன்று தடவை எடுத்து வைத்தார். மூன்று தடவையும் அதே எண். தாலிப் பொட்டைத் திருப்பினார். குழிவில் ஊசிக் கீறல்.

"கழுவுனியா, சொரண்டுனியா?"

"கழுவுனேன்பா. மஞ்சள்தான் போயிருக்குது."

அப்போது எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பள்ளிக்கூடம் போகாமலே ஜக்கார்டைப் பிரித்துப் பூட்டக் கற்றவன், மோட்டார் கட்டுகிறவன், எந்த மிஷின் பற்றியும் தெருவில் கடைசி வார்த்தை சொல்கிறவன். நான் சொன்னேன்:

"மஞ்சளுக்கு ஏதுப்பா அவ்ளோ எடை?"

உன்னைக் குற்றம் சொல்ல நினைத்துச் சொல்லவில்லை. தெரியாது என்று சொல்லத் தெரியாததால் சொன்னேன். "மிஷின் தெரிஞ்ச ஆளே சொல்லிட்டாரு" என்றார் தலைவர். நீ என்னை ஒரு முறை பார்த்தாய். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாய். நோட்டில் உன் பெயருக்கு நேராக "குறைவு 0.38" என்று எழுதினார்கள்.

பிறகு நீ கோயில் வழியாகவே வரவில்லை. பாவு பிணைக்கப் போகும் வீடுகளுக்கும் சுற்றிக்கொண்டு பின்தெரு வழியாகப் போனாய். இரண்டு தடவை உன் வீட்டுக்கு வந்தேன். தண்ணீர் கொடுத்தாய், மழையைப் பற்றிப் பேசினாய். மாசியில் காய்ச்சல் கண்டு நாலே நாளில் போய்விட்டாய். தெருவில் யார் போனாலும் கோயில் கமிட்டி வேட்டியும் மாலையும் கொண்டுவருவது வழக்கம். உனக்கு வரவில்லை. உன் வீட்டம்மா வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். நான் வாங்கிவந்த மாலையைப் போட்டேன். அது கமிட்டி மாலை இல்லை என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

உன் பதினாறாம் நாள் முடிந்த மறுநாளே இந்தத் தராசை வாங்கினேன். மிஷின் பொய் சொல்கிறது என்று காட்டத்தான் வாங்கினேன். நான் பிடித்தால் விடுகிறவன் இல்லை, உனக்குத் தெரியும். பெட்டிக்குள் இருந்த சீட்டில் எறும்பு மாதிரி எழுத்து. எழுத்துக்கூட்டிப் படித்து, எந்தப் பொத்தான் எதற்கு என்று நானே கண்டுபிடித்தேன். கூடவே நூறு கிராம் எடைக்கல் ஒன்று தருகிறார்கள், அதை வைத்துச் சரிபார்க்க. விசிறி சுழன்றால் கடைசி எண் ஆடுகிறது. பக்கத்து வீட்டில் தறி மிதித்தால் தரை வழியாக அதிர்வு வந்து எண் துள்ளுகிறது. மூச்சு விட்டாலும் ஆடுகிறது. மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கப் பழகினேன். "மாமா, டாக்டரு மூச்சை அடக்காதேன்னு சொல்லியிருக்காரு" என்று மருமகள் சண்டைக்கு வந்தாள்.

ஆனால் விசிறியை நிறுத்தி, தறி நின்றபின் பார்த்தால் அது சரியாகவே சொன்னது. நாணயம், ஊசி, சரிகைத் துண்டு, ஒரு அரிசிமணி வரை வைத்துப் பார்த்தேன். வைகாசி வரை தேடினேன். பொய்யே சொல்லவில்லை. அந்த நாட்களில் எனக்குச் சோறு இறங்கவில்லை. தராசு பொய் சொல்லவில்லை என்றால் வேறு யார் பொய் சொன்னது? மறைக்க மாட்டேன்: ஒரு நாள் மத்தியானம், தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, உன்னையே சந்தேகப்பட்டேன். உன் பெண்ணுக்கு அந்த வருஷம் ஆபரேஷன் நடந்தது நினைவுக்கு வந்தது. தராசை மூடி வைத்துவிட்டேன்.

மறுநாள்தான் சிமிழைத் திறந்தேன். என் மனைவி போன அன்று தாலியை உண்டியலில் போடச் சொன்னார்கள், உனக்கு நினைவிருக்கும். நான் கொடுக்கவில்லை. கயிற்றை மட்டும் அறுத்துக் கொடுத்துவிட்டுப் பொட்டைச் சிமிழில் வைத்துக்கொண்டேன். "உட்டுடுங்கப்பா, அவன் பொண்டாட்டி, அவன் வெச்சுக்கினு இருக்கட்டும்" என்று நீதான் அன்று அவர்களை அடக்கினாய். நாற்பத்தோரு வருஷம் குளிக்கும்போதெல்லாம் அவள் பூசிய மஞ்சள் அதில் அப்படியே இருக்கிறது. தராசைச் சோதிக்க வீட்டில் மீதமிருந்தது அது ஒன்றுதான். வைத்தேன். 4.61. எடுத்தேன்.

எண் பூஜ்யத்துக்குத் திரும்பவில்லை. 0.03 என்று நின்றது.

கடைசியில் பொய்யைப் பிடித்துவிட்டேன் என்று துள்ளினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தால், தட்டில் அரிசிமணி அளவுக்கு ஒரு மஞ்சள் பொருக்கு உதிர்ந்து கிடந்தது. அதை நகத்தால் தள்ளினேன். 0.00. பொருக்கை மறுபடி வைத்தேன். 0.03.

மஞ்சளுக்கு எடை இருக்கிறது. நீ சொன்னாய். நான்தான் இல்லை என்றேன்.

"ஒரு இழ உட்டாலும் பொடவ பேசும்பா" என்று நீ அடிக்கடி சொல்வாய். ஆயிரக்கணக்கான இழைகளில் ஒன்றைக்கூட விடாமல் பிணைத்த கை உன்னுடையது. விட்டவன் நான். நான் விட்ட இழை இத்தனை மாதம் கழித்துப் பேசியது.

அந்தப் பொருக்கைக் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு தலைவரிடம் ஓடினேன். அவர் காகிதத்தைப் பிரித்துப் பார்த்துச் சிரித்தார். "பெரியவரே, உங்க வீட்ல நீங்களே நிறுத்து எடுத்துக்கினு வந்தா, அது இன்னா சாட்சி?" நான் நகரவில்லை. மூன்று நாள் காலையும் மாலையும் அவர் கடை வாசலில் போய் நின்றேன். நாலாம் நாள் இறங்கி வந்தார். "சரி. எடை போடுற அன்னிக்கு எல்லாரும் பாக்க உங்க வீட்டு தாலிய கழுவிக் காட்டுங்க. அம்மனுது எட்டு, உங்களுது நாலு. அதுல கொறஞ்சதுல பாதியாவது, புள்ளி ஒண்ணு ஒம்போது, இதுல கொறையணும். கொறஞ்சா நோட்ட திருத்தலாம். கொறையலன்னா இந்தப் பேச்ச இத்தோட உட்டுடணும். வார்த்த மாறக் கூடாது." உதிர்ந்த பொருக்கைக் கணக்கில் சேர்க்க மாட்டாராம், அது விழுந்ததை யாரும் பார்க்கவில்லையாம்.

அந்த நாள்தான் நாளை.

வேறு வழி தேடாமல் இல்லை. புதிதாக மஞ்சள் பூசினால் ஒட்டுவதில்லை, வருஷங்கள் வேண்டும். கழுத்தில் இருக்கிற தாலியைக் கழற்றித் தா என்று எந்தப் பெண்ணிடம் கேட்பது? உன் வீட்டம்மாவினுடையது உன் பதினாறாம் நாளன்றே உண்டியலுக்குப் போய்விட்டது. அதை நினைத்ததற்கே வெட்கப்பட்டேன். விஷயத்தைச் சொன்னபோது அவர்கள் முறத்திலிருந்து தலை நிமிரவில்லை. "இப்ப நிரூபிச்சு இன்னாண்ணா பண்ணப் போறீங்க? அவுரு கேக்கப் போறாரா?" அரிசியில் கல் பொறுக்கினார்கள். நான் எழுந்தபோது கேட்டார்கள்: "எத்தினி மணிக்குண்ணா?"

அந்தக் கேள்விக்குப் பிறகு நான் பின்வாங்க முடியாது.

மருமகள் இன்று காலையிலிருந்து என்னோடு பேசவில்லை. ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "அத்தை வெச்ச மஞ்சள் மாமா அது. ஒரு தடவ கழுவிட்டா திரும்பி வராது." எனக்குத் தெரியாதா? காலையிலிருந்து ஒன்பது தடவை நிறுத்துவிட்டேன். 4.58 வருகிறது, சிலசமயம் 4.57. ஒவ்வொரு தடவையும் எடுத்து வைப்பதில் இன்னும் உதிர்கிறதோ என்று பயந்து இப்போது தொடுவதையே நிறுத்திவிட்டேன். அவள் பூசியது எவ்வளவு? அவள் எதிலும் சிக்கனம். மஞ்சளிலும் சிக்கனம் பார்த்திருந்தால்? புள்ளி ஒன்று இரண்டுதான் குறைந்தால்? அவளும் போய், நீயும் அந்த நோட்டிலேயே நின்றுவிடுவாய். இரண்டையும் ஒரே சொம்புத் தண்ணீரில் பந்தயம் வைத்திருக்கிறேன்.

இருந்தாலும் போவேன். நாளை நடக்க வேண்டியது இது. பூசாரி விசிறியை நிறுத்த வேண்டும். கோயில் சுவரை ஒட்டிய வீட்டில் அந்த நேரம் தறி மிதிக்கக் கூடாது. சொல்லிவிட்டேன், முனகிக்கொண்டே ஒப்புக்கொண்டார்கள். நூறு கிராம் கல்லை வைத்துத் தலைவரே தன் கையால் தராசைச் சரிபார்க்க வேண்டும், என் தராசை அல்ல, கோயில் தராசை. கழுவிய தாலியை உடனே வைக்கக் கூடாது. ஈரத்துக்கும் எடை உண்டு. துணியில் ஒற்றி, வெயிலில் காய்ந்த பிறகுதான். எண்ணை நான் படிக்க மாட்டேன். மருமகள் படிக்கட்டும், அவள் வந்தால்.

குறைந்தால், தலைவர் அந்த "குறைவு 0.38"க்குக் கீழே "கழுவிய மஞ்சள்" என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பிறகு கமிட்டி முழுவதும் வேட்டியும் மாலையும் எடுத்துக்கொண்டு உன் வீட்டு வாசலுக்குப் போக வேண்டும். மாலையைப் படத்துக்குப் போடட்டும். குறையாவிட்டால் நான் வாயை மூட வேண்டும்; வார்த்தை கொடுத்திருக்கிறேன். ஆனால் அதற்கு முன் அதே நோட்டில், அதே பக்கத்தில், மஞ்சளுக்கு எடை இல்லை என்று சொன்னவன் இன்னார் என்று என் பெயரை என் கையால் எழுதுவேன். அதைத் தடுக்க எவனுக்கும் உரிமை இல்லை.

பூந்திக்கொட்டையை மருமகள் ஊறப்போட்டு வைத்திருக்கிறாள். நான் கேட்கவில்லை, அவளாகவே செய்தாள். கழுவ வேண்டியவன் நான். ஊசி பிடிக்க வேண்டியவனும் நான். கழுவிய தண்ணீரை யாரும் கீழே ஊற்றக் கூடாது. எண் எதுவாக இருந்தாலும் அந்தச் சொம்பை நானே வீடு வரைக்கும் தூக்கிக்கொண்டு வர வேண்டும்.